பின்னால் வந்த மரவள்ளி லாரி

போன ஐப்பசி மாதம், ஒரு சாயங்கால நேரம். கல்வராயன் மலையில் கரியாலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு எங்கள் கேரவனில் இறங்கிக்கொண்டிருந்தோம்.

கேரவன் என்றதும் எங்களைப் பெரிய பணக்காரர்களாக நினைத்துவிட வேண்டாம். சினிமா ஷூட்டிங்குக்கு ஓடி ஓடிக் களைத்த பழைய வண்டி அது. உள்ளே ஏழெட்டு சீட்டு, பின் கண்ணாடியை ஒட்டி ஒரு கட்டில், ஒரு சின்ன பாத்ரூம். அருவி பார்க்க மலைக்குப் போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். என் வீட்டுக்காரர் ஓட்டுவார். வயரிங் வேலை முழுக்க என்னுடையது. நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவள், கள்ளக்குறிச்சியில் வண்டிகளுக்கு லைட் வேலை பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். பொம்பளை போட்ட வயரிங்கா என்று எவராவது இழுத்தால் அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான். அவ்வளவு வாய் எனக்கு.

அதற்கு முந்தின ட்ரிப்பில் கரியாலூரில் வெளி விளக்குகளைப் போட்டுவைத்தே பேட்டரி இறங்கிவிட்டது. நாலு பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. எனக்கு மானமே போனது. ஊருக்கு வந்ததும் பழைய குண்டு பல்புகளை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, வெளியே இருக்கிற அத்தனை விளக்கையும் எல்.இ.டி.யாக மாற்றினேன். வாசல் விளக்கு, கூரை ஓர விளக்கு, இண்டிகேட்டர், பின்னால் இருக்கிற சிவப்பு விளக்கு எல்லாமே. எல்.இ.டி. போட்டால் இண்டிகேட்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும், அதற்கும் புது ஃப்ளாஷர் வாங்கி மாட்டினேன். மூன்று நாள் வேலை. முடித்துவிட்டு லைட் சுவிட்சைப் போட்டேன், பின்னால் சிவப்பாக எரிந்தது. அணைத்துவிட்டு வீட்டுக்காரரை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், அதுவும் எரிந்தது. "கல்யாண வூடு மாதிரி கீது புள்ள" என்றார் அவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வண்டியில் முதல் சவாரி, உளுந்தூர்பேட்டையில் டிபன் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம். எட்டுப் பேர். அதில் அவர்கள் வீட்டு மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அருவியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை. படுத்துக்கொண்டு போகலாமே என்றுதான் எங்கள் வண்டியையே பிடித்தார்கள். போகும்போது நல்ல வெயில், ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பும்போது மழை விட்டு, பாதையெல்லாம் பனி மூடிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு இறங்கினோம். அந்தப் பெண் பின்கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

இரண்டு வளைவு தாண்டியிருப்போம். பின்னால் டயர் தேய்கிற சத்தம், கூடவே காதைக் கிழிக்கிற ஹாரன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு லாரி, எங்கள் வண்டியை முட்டாத குறையாக நிற்கிறது. மரவள்ளிக்கிழங்கு மூட்டை தலைக்கு மேல் ஏற்றியிருந்தது. முந்திப் போகத்தான் அவசரப்படுகிறான் என்று நினைத்து, அகலமான இடத்தில் என் வீட்டுக்காரர் ஓரம் கட்டி, வேகத்தைக் குறைத்துக் கை காட்டினார். அவன் போகவில்லை. அவனும் வேகத்தைக் குறைத்தான். மறுபடி ஹாரன். மறுபடி வழி விட்டோம், அப்போதும் போகவில்லை. அதற்கப்புறம் நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டு, நடு ரோட்டிலேயே எங்கள் பின்னால் வர ஆரம்பித்தான். நாங்கள் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக, நாங்கள் வேகம் எடுத்தால் அவனும். அவனுக்குப் பின்னால் ஒரு பஸ் வழி கேட்டுக் கத்திக்கொண்டே வந்தது. அதற்கும் வழி விடவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்றே முடிவு கட்டிவிட்டேன். "நீ சும்மா இரு, அடிவாரத்துல பாத்துக்கலாம்" என்று வீட்டுக்காரர் அடக்கினார். வாயில் வந்ததை எல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன்.

அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தினோம். லாரியும் நின்றது. பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்து இறங்கினேன். லாரியிலிருந்து இறங்கிய மனிதருக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டை முழுக்க வியர்வை, அந்தக் குளிரிலும். தரையில் கால் வைத்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"ஏம்மா, இந்த வண்டிக்கு லைட்டு வேல பாத்தது யாரு?"

நான்தான் என்றேன், விறைப்பாக.

"இங்க வந்து நில்லும்மா" என்று தன் லாரிக்கு முன்னால் கூப்பிட்டார். வீட்டுக்காரரை லைட் எரிகிறபடியே பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்தார். பின்னால் இருந்த சிவப்பு விளக்கில் ஒரு மாற்றமும் இல்லை. எப்போதும் போலப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த ஒரே சிவப்பு விளக்குக்குள், சும்மா எரிவதற்கு மங்கலாக ஒரு வயர், பிரேக்குக்குப் பளிச்சென்று ஒரு வயர். இரண்டையும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். லைட் போட்டால் ஏற்கெனவே முழு வெளிச்சம், அதற்கு மேல் பிரேக் மிதித்தால் பின்னால் வருகிறவருக்கு என்ன தெரியும்? தனித்தனியாகப் போட்டுப் பார்த்த நான், இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவே இல்லை. அந்த விளக்குக்கு ஒரு முழம் முன்னால்தான் அந்தக் கர்ப்பிணிப் பெண் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

"அந்த வளைவுல உங்க மேல உட்டுருப்பேன்மா. சாமி புண்ணியம். உங்களுக்கு சொல்லத்தான் ஹாரன் அடிச்சேன், நீங்க வழி உட்றீங்க" என்றார்.

முந்திப் போயிருக்கலாமே என்று கேட்டேன்.

"நான் போய்ட்டா அந்த பஸ்சு இல்ல உங்க பின்னால வரும்? அவனுக்கு இது இன்னா தெரியும்? எறங்கி சொல்லலாம்னா, பனியில நின்னா அவன் வந்து என்மேல உட்ருவான். அதான் நடுவுலயே வந்துக்கினு இருந்தேன்."

அப்படியென்றால் நாங்கள் பிரேக் பிடிப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? அதையும் கேட்டேன். பிரேக் மிதித்தால் வண்டி முன்னால் குனியும், பின்பக்கம் இரண்டு விரல் அளவு தூக்கும், எங்கள் பம்பரையே பார்த்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அத்தனை வளைவிலும், அந்தப் பனியில், தலைக்கு மேல் பாரத்தோடு, கண் சிமிட்டாமல் அந்த இரண்டு விரல் அளவைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ. கையெடுத்துக் கும்பிட்டேன், அழுகையும் வந்துவிட்டது. "வுடும்மா, மொதல்ல வயர மாத்து" என்றார்.

டூல்ஸ் பையை எடுத்து அங்கேயே வயரை மாற்றினேன். டிபன் கடைக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஓடிப்போய் லாரிக்காரருக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார். லாரிக்காரர் கையில் டம்ளரோடு பின்னால் நின்று, ஒரு தடவைக்கு மூன்று தடவை பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ம், இப்ப தெரியுது" என்று சொல்லிக் கிளம்பிப் போய்விட்டார். அத்தனை ஹாரனுக்கும் எழாமல், லாரி கிளம்பிய சத்தத்தில் கண் விழித்த கர்ப்பிணிப் பெண், "ஊரு வந்துடுச்சாக்கா?" என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் என் கடையில் எந்த வண்டியை முடித்தாலும் லைட்டைப் போட்டு, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இருபது அடி பின்னால் போய் நின்று பார்க்காமல் அனுப்புவதில்லை. தை மாதம் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததென்று உளுந்தூர்பேட்டையிலிருந்து போன் வந்தது. அந்த லாரிக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. என் தப்புக்கும் எட்டு உயிருக்கும் நடுவில் தன் லாரியை வைத்துக்கொண்டு மலை முழுக்க இறங்கி வந்த அந்த மனிதரை, குடிகாரன் என்று திட்டிக்கொண்டே வந்தேனே என்று நினைக்கும்போதெல்லாம், அறிமுகமில்லாத யாரைப் பற்றியும் அவசரப்பட்டு முடிவு கட்டிப் பேச எனக்கு இப்போது வாய் வருவதில்லை.