மூன்று கிராம் தேய்ந்த கல்

பிறந்தபோது ஒரு கிலோகூடத் தேறாத உடம்பில் உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டது தங்கையின் முதல் வெற்றி. கூட்டிப் பெருக்கச் சேர்ந்த தராசுப் பட்டறையில், பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டது இரண்டாவது. "பொம்பளை கைபட்ட தராசு நிக்காது" என்று முகம் திருப்பிய கடைக்காரர்களே பின்னால் அவளைத் தேடி வந்தது மூன்றாவது. வயதான முதலாளி ஒதுங்கியபோது அவருடைய மேசையும் கருவிகளும் அவளிடம் வந்து சேர்ந்தது நான்காவது. இவற்றை விரல்விட்டு எண்ணுவது அக்காதான். தங்கை எண்ணியதில்லை.

காலை ஆறரைக்கு அவள் கல்லைத் துலக்கத் தொடங்குவாள். ஒரு கிலோ பித்தளை எடைக்கல். கடைத் தராசுகளை எல்லாம் அதை வைத்துத்தான் சரிபார்ப்பாள். துணியில் துலக்கும் பொடியைத் தொட்டு, முதலில் அடி, பிறகு தோள், கடைசியில் கழுத்து. அந்த வரிசை ஒருநாளும் மாறாது. அவளுக்கு எழுத்து தெரியாது. ஐந்தாம் வகுப்புவரை படித்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பழைய ஏற்பாட்டை வாசிப்பாள். எந்த அதிகாரத்தை வாசித்தாலும் தங்கை கடைசியில், "அந்தக் கல்லு சமாச்சாரத்தையும் படிச்சிடுக்கா" என்பாள்.

பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கல் வைத்துக்கொள்ளாதே, நிறைவான கல்லை வைத்திரு, உன் நாட்கள் நீளும் என்று மோசே வழியாகக் கடவுள் வாக்களித்த இடம் அது.

"கடலைப் பிளக்கறது அவர் வேலை. கல்லைச் சரியா வைக்கறது மட்டும்தான் நம்ம வேலை. இதைவிடச் சுளுவா யாரு கேப்பாங்க?" என்பாள் தங்கை.

காய் வாங்கப் போனால் காயைப் பார்க்கமாட்டாள்; தராசு முள்ளைத்தான் பார்ப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு பாதிக் கத்தரிக்காய் சொத்தையாக இருக்கும். "எடை சரியாத்தான் இருந்துது" என்பாள் சமாதானமாக. "ஆமாண்டி, புழுவையும் சேர்த்து" என்பாள் அக்கா.

முதலாளி பெயரில் இருந்த உரிமம் முடியவிருந்ததால், தங்கை சொந்தப் பெயரில் உரிமம் கேட்டு மனுப் போட்டிருந்தாள். அதற்கு அரசு முத்திரையிட்ட புதுக் கல் ஒன்று வேண்டியிருந்தது. வந்த அன்றே இரண்டு கற்களையும் இரண்டு தட்டுகளில் வைத்தாள். புதியது இறங்கியது. இடம் மாற்றி வைத்தாள். அப்போதும் புதியதே இறங்கியது. பழைய கல் பக்கம் சின்னச் சின்ன எடைகளைச் சேர்த்துச் சேர்த்துச் சமன் செய்தபோது கணக்கு தெரிந்தது: பழைய கல்லில் மூன்று கிராம் குறைவு.

"புதுசுலதான் ஏதோ கோளாறுடி."

"இல்லக்கா. முத்திரை இருக்கு." அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "நான்தான். பத்தொன்பது வருஷமாத் தேய்ச்சுத் தேய்ச்சு நானே குறைச்சிருக்கேன்."

அவள் கடைசியாகச் சரிபார்த்துக் கொடுத்த ஐம்பத்து மூன்று தராசுகளிலும் கிலோவுக்கு மூன்று கிராம் குறைவாகச் சரக்கு விற்றிருக்கிறது. உரிமப் பரிசோதனைக்கோ எட்டே நாள். விஷயம் வெளியே தெரிந்தால் உரிமம் கைநழுவும். உரிமம் இல்லையென்றால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான்.

"பழசை மண்ணுல புதைச்சிட்டுக் கம்முனு இரு. நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்றாள் அக்கா.

"இத்தனை நாள் என் பையில ஒரு கல்லுதான்னு இருந்தேன். இப்போ ரெண்டு இருக்கு. தெரிஞ்சப்புறம் எப்படிக்கா மூடி வைக்கறது?"

பத்தொன்பது வருடமாகத் தானே வாசித்த வரியை அன்றுதான் அக்கா உண்மையில் காதில் வாங்கினாள்.

மறுநாளிலிருந்து தங்கை கடைகடையாக ஏறினாள். தன் தப்பைச் சொல்லி, புதுக் கல்லை வைத்துத் தராசைத் திருத்தினாள். கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

"மூணு கிராமுக்கா இவ்வளவு தூரம் நடந்தீங்க? என் தட்டுல நாலு ஈ உட்கார்ந்தாலே சரியாப் போயிடுமே."

"ஈயைக் காசுக்கா விக்கறீங்க, அண்ணே? கொஞ்சம் நகருங்க."

ஏழு நாளில் ஐம்பத்து மூன்றும் முடிந்தன. எட்டாம் நாள், அதிகாரி கேள்வியை ஆரம்பிக்கும் முன்பே இரண்டு கற்களையும் அவர் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் பழைய கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நான் கேக்கவே இல்லையேம்மா. இதை எழுதினா உங்க உரிமம் ஆறு மாசம் தள்ளிப்போகும்."

"எழுதுங்க சார்."

ஆறு மாதம் பட்டறை பூட்டியே கிடந்தது. அக்கா நாலு வீட்டுத் துணி தைத்துச் சமாளித்தாள். தங்கை ஒருநாள், "என் பேரை இதுல எழுதிக் குடுக்கா" என்று பழைய நாட்காட்டித் தாளை நீட்டினாள். அதைப் பார்த்துப் பார்த்துத் தாள் தாளாக எழுதினாள். காலை வாசிப்பின்போது அதே பகுதியைக் கேட்டாள். நாட்கள் நீளும் என்ற இடத்தில் எப்போதும்போலத் தலையாட்டினாள். ஒரு முறைகூட, எப்போது என்று கேட்கவில்லை.

உரிமம் வந்ததும் முதல் ஆளாகக் கறிக்கடைக்காரர்தான் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் சரிபார்த்து முடித்தாள். 'இந்தத் தராசு சரியானது' என்ற சான்றிதழை அக்கா நிரப்பினாள். பழக்கதோஷத்தில் கைநாட்டு வைக்கும் மைப்பெட்டியையும் திறந்து நகர்த்தினாள். தங்கை அதை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். எழுத்து எழுத்தாக, அவசரமே இல்லாமல் தன் பெயரை எழுதினாள். அதன் கீழே தேதியையும் தானே போட்டாள்: 8.10.2024.