ஒரே மிஷின், இரண்டு விலை

என் இதய அறுவைச் சிகிச்சைக்கு முன்பு, என் மனைவி முருகனுக்கு முடிக் காணிக்கை நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தேன். அவள் மொட்டையடித்துக்கொண்டாள். கோயிலில் அதற்கு ஒரு டிக்கெட் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒரே விலை. எதிலும் கணக்குப் பார்க்கும் எனக்கு அன்று அது உறைக்கவே இல்லை. சமமாக இருப்பது கண்ணில் படுவதில்லை.

முடி மறுபடி அரும்பியபோது அவளுக்கு ஒன்று தெரிந்தது. பல வருடக் கழுத்துவலி போயிருந்தது. இடுப்புவரை தொங்கிய ஈரமுடியைத் துவட்டி, சிக்கெடுத்து, பின்னிச் சுமந்தவள் அவள்.

"இனிமே இப்படியே இருந்துக்கறேன், உங்க தலை மாதிரி" என்றாள்.

கிள்ளானிலிருந்து வந்த என் தங்கை முகத்தைச் சுளித்தாள். "என்ன அண்ணி, புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப இது என்ன கோலம்?"

"அந்தக் குத்துக்கல்லு இருக்கறதே அந்த முடியாலதான்" என்றாள் இவள்.

மூன்று மாதம் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே புதிதாகத் திறந்திருந்த சலூனுக்கு இருவரும் போனோம். ஆண், பெண் இருபாலருக்கும் வெட்டுகிற கடை. முதலில் நான் உட்கார்ந்தேன், பிறகு அவள். அதே நாற்காலி, அதே பெண், அதே மூன்றாம் நம்பர் மிஷின். எனக்கு ஆன நேரத்தைவிட அவளுக்குக் குறைவாகவே ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"அங்கிளுக்குப் பதினஞ்சு, ஆன்டிக்கு நாப்பத்தஞ்சு. மொத்தம் அறுபது வெள்ளி" என்றாள் வெட்டிய பெண்.

"ஏம்மா, ரெண்டு தலையையும் பாரு. என்ன வித்தியாசம்?"

"ஆன்டி அழகா இருக்காங்க, அதான் எக்ஸ்ட்ரா" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "நான் என்ன செய்ய அங்கிள், லேடீஸ்னு அடிச்சா கம்ப்யூட்டர்ல அதான் வருது லா."

"அப்ப ஜென்ட்ஸ்னு அடி."

தலையில் சாயம் பூசிக்கொண்டு காத்திருந்த ஒரு பெண் கண்ணாடி வழியாகச் சொன்னாள்: "விடுங்க அங்கிள். நாங்கல்லாம் கேக்காமதானே குடுக்கறோம்."

என் குரல் உயர்ந்தது. உள்ளேயிருந்து முதலாளி வந்தார். என் தோளில் கை வைத்து, "பெரியவரு டென்ஷன் ஆகாதீங்க. உங்க முகத்துக்காக ஆன்டிக்கு முப்பது போட்டுக்கறேன்" என்றார்.

அப்போதும் இரட்டிப்புதான். என் மனைவி தன் பையைத் திறந்து நாற்பத்தைந்து வெள்ளியை ரிங்கிட் நோட்டுகளாக எண்ணி வைத்தாள்.

"அவரு முகத்துக்காக எனக்கு வேணாம். என் தலைக்கு நானே குடுக்கறேன்."

லிஃப்டில் ஏறும்போது, "இனி அந்தக் கடைக்கு வரமாட்டேன்" என்றாள்.

அடுத்த மாதம், பல வருடமாக நான் முடிவெட்டிக்கொள்ளும் சந்துக்கடைக்கு அவளை அழைத்துப் போனேன். வெட்டுபவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவளைப் பார்த்ததும் கத்தரி நின்றது.

"லேடீஸுக்கு வெட்டறதில்ல சார். மத்த கஸ்டமருங்க ஒரு மாதிரி நெனப்பாங்க."

மற்ற கஸ்டமர்கள் இருவர். இருவரும் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள்.

மிஷின் வாங்கி நானே வெட்டுகிறேன் என்றேன். "ஆபரேஷனுக்கப்புறம் உங்க கை நடுங்குது" என்றாள். உண்மைதான்.

இப்போது அவள் முடி தோளைத் தாண்டிவிட்டது. முன்போல் பின்னிக்கொள்கிறாள். என் தங்கைக்குத் திருப்தி. கழுத்துவலி திரும்பிவிட்டது. இரவில் தைலம் தேய்த்துவிடுகிறேன். அதற்கு என் கை போதும்.

மாதம் ஒருமுறை சந்துக்கடையிலிருந்து நான் திரும்பி வரும்போது, கதவைத் திறப்பவள் என் பின்தலையை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்க்கிறாள்.

"நல்லா வெட்டியிருக்கான்" என்கிறாள்.