மூஞ்சியைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னவர்

பாய் போனில் செய்தியைச் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த வளைவுல?" என்பதுதான்.

அப்போது மலைப்பாதையில் பாதி ஏறியிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் போய்விடும். நடுவில் ஒரு பெரிய பாறை இருக்கிற இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் வரும். அங்கேதான் போன் அடித்தது. அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் பாய். சற்று முன்புதான் அவருக்குக் கையாட்டிவிட்டு ஏறியிருந்தேன். ஸ்கூட்டியை ஓரம் கட்டி எடுத்தால், நம்ம சகுந்தலா சிஸ்டர் இறந்துட்டாங்களாம் என்கிறார்.

தினம் கல்வராயன் மலை ஏறி இறங்குகிற எங்களுக்குச் சாவு என்றால் அது மலைப்பாதையில்தான். முறிந்து விழும் மரம், சரியும் மண், பாசி படிந்த ரோடு, கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும் ஓடை. சகுந்தலா அக்கா ஓய்வு பெற்று மலைப்பக்கமே வருவதில்லை என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. வளைவைக் கேட்டேன்.

"வளைவுல இல்ல டீச்சர். வூட்ல. கீழ, கள்ளக்குறிச்சில."

அவர் சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, வண்டி ரிப்பேரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பாய் கடையில் அக்காவோடு நின்று டீ குடித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சகுந்தலா அக்கா வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமங்களுக்குச் செவிலியராக இருந்தவர். அதே பக்கத்தில் நான் ஆசிரியை. இருவருக்கும் வீடு கள்ளக்குறிச்சியில், இருவருக்கும் கணவர் இல்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு ஒரு மகன், பெங்களூரில் இருக்கிறான். காலையில் ஒன்றாகக் கிளம்புவோம். முன்னால் அவர் ஸ்கூட்டி, பின்னால் நான். அவருடைய பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டி பழைய துப்பட்டாவால் கட்டப்பட்டிருக்கும். அவருக்கு ஒரு மழைக்கோட்டு, பெட்டிக்கு ஒரு மழைக்கோட்டு. ஏதாவது ஒன்று கிழிந்திருக்கும் நாளில் நல்லது பெட்டிக்குத்தான் போகும்.

மழைக்காலத்தில் அந்தப் பாதை அழகு. யாராக இருந்தாலும் வாயைப் பிளப்பார்கள். கீழே கோமுகி அணை நிரம்பிக் கிடக்கும். காடு ஒரே பச்சையாகி, மேகம் இறங்கி ரோட்டிலேயே படுத்திருக்கும். சாமைக்கொல்லைகள் நனைந்து நிற்கும். பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் ஒழுகும். வேலையில் சேர்ந்த புதிதில் நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே ஓட்டி, ஒருநாள் தடுப்புச் சுவரில் உரசிவிட்டேன். முன்னால் போன அக்கா சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். என் முழங்கையில் மருந்து போட்டபடி, அழகுதான் டீச்சர், பள்ளம் அதவிட அழகா இருக்கும், பாக்கறீங்களா என்று கேட்டார். அருவி பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துத் தரச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, மழை வலுக்கறதுக்குள்ள எறங்கிடுங்க என்று மிரட்டியும் அனுப்புவார்.

கதிரவன் தம்பியின் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவர். அடைமழை பெய்த ஒரு மாலையில் நாங்கள் முன்னும் பின்னுமாக இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் சறுக்கி, ரோட்டோரக் குழியில் வண்டியோடு விழுந்துவிட்டார். மேலே புதர் மூடிவிட்டது. அவரைத் தாண்டி அத்தனை பேரும் இறங்கிப் போனோம். முன்னால் போனவர்கள் அவர் பின்னால் வருகிறார் என்றும், பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விட்டார் என்றும் நினைத்தோம். பாய் கடையில் ஒதுங்கி நின்றபோது அக்கா மட்டும்தான், கதிரவன் எங்கே என்று கேட்டார். போயிருப்பார் என்றோம். பாய் தாம் பார்க்கவில்லை என்றார். அக்கா பாதி டீயை வைத்துவிட்டு, அந்த மழையில் மறுபடி வண்டியை மேலே திருப்பினார். இரண்டு பேர் கூடப் போனார்கள். கால் எலும்பு முறிந்து, குரல் கம்மிப்போய்க் கிடந்தவரைக் கண்டுபிடித்து, குடைக்கம்பியை வைத்துக் காலைக் கட்டித் தூக்கி வந்தார்கள். அன்றைக்கு அக்கா எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னதுதான் பிறகு சட்டமானது.

"டீ குடிக்கலன்னாலும் பரவால்ல. மேல போனவங்க எறங்கும்போது இங்க மூஞ்சிய காட்டிட்டுப் போங்க. காட்டலன்னா நான் தேடிக்கினு வருவேன்."

அதன்பின் ஆசிரியர்கள், செவிலியர்கள், தபால்காரர், வனத்துறை ஆட்கள் என்று யார் இறங்கினாலும் பாய் கடையில் வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக் காட்டினால்தான் அக்கா தலையாட்டுவார். சிலர் இதைக் கேலி செய்தார்கள். நானும் செய்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்து, வந்துவிட்டேன் என்று போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டதற்கு, மெசேஜ் அனுப்பறவன் எங்க கெடந்து அனுப்பறான்னு எனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டார்.

இந்தச் சட்டத்தால் நாங்கள் பட்ட பாடும் உண்டு. மலையில் வங்கி வேலைக்கு வந்த ஒரு தம்பி ஒருநாள் வரவே இல்லை. இருட்டப் போகிறது, மழையும் விடவில்லை. டார்ச்சும் கழியுமாக ஒரு கூட்டமே மேலே ஏறி வளைவு வளைவாகக் கத்திக்கொண்டே போனது. அந்த ஆள் மறுபக்கமாகச் சேராப்பட்டு வழியாக இறங்கி, சங்கராபுரத்தில் பெண் பார்க்கப் போயிருக்கிறார். பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் போன் கிடைத்தபோது நாங்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தோம். மறுநாள் எல்லோரும் அவரைக் கடித்துக் குதறக் காத்திருந்தோம். அக்கா அவரை உட்கார வைத்துக் கையில் டீயைக் கொடுத்து, "பொண்ணு புடிச்சிதா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தம்பி அந்தப் பெண்ணையே கட்டினார். கல்யாணத்தில் முதல் பந்தியில் எங்கள் கூட்டம்தான் உட்கார்ந்திருந்தது.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் கள்ளக்குறிச்சியிலேயே பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் சின்ன வீடாகப் பார்த்து மாறிப்போனார். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பால் காய்ச்சிய அன்று, இனிமே ஓடையும் இல்ல வளைவும் இல்ல, தெருவுல அத்தினி ஜனம், நிம்மதியா கண்ண மூடித் தூங்கலாம் என்றார். என்னையும் விடவில்லை. உங்களுக்கும் வயசாச்சு, அந்த ரோட்டுல இன்னும் எத்தினி மழைக்கு வண்டி ஓட்டுவீங்க, கீழ நைனார்பாளையம் ஸ்கூலுக்கு மாத்தல் கேளுங்க, பஸ்ல உக்காந்துக்கினே போலாம் என்று நச்சரித்தார். அவர் சொன்னார் என்றுதான் மாறுதலுக்கு விண்ணப்பமும் போட்டேன்.

அந்தத் தெருவில்தான், அத்தனை ஜனத்துக்கு நடுவில்தான் அவர் விழுந்தார். மாலையில் சமையலறையில் பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார். குரல் எழும்பவில்லை. விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது. காலையில் பால் ஊற்ற வந்தவர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. மருத்துவர் சொன்னதை நான் காதால் கேட்டேன். சாயங்காலமே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். சாயங்காலமே. இந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் நாங்கள் பாய் கடையில் ஹெல்மெட்டைக் கழற்றி ஒருவருக்கொருவர் மூஞ்சியைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் மோசமானவர்கள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். திருநாவலூரிலிருந்து அக்காவின் தம்பி வந்து சேரும்வரை பந்தல் போட்டது, நாற்காலி கொண்டுவந்தது, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தது எல்லாம் அவர்கள்தான். ராத்திரி சமையலறையில் விளக்கு எரிந்ததைப் பார்த்திருக்கிறார்கள். விழித்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். வேறென்ன நினைப்பார்கள்? ஆனால் அன்று எனக்கு அந்தத் தெருவையே பெருக்கித் தள்ளிவிட வேண்டும் போல் ஆத்திரமாக இருந்தது. யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானம் மலையிலிருந்து ஒரு சரக்கு வண்டியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வண்டியின் தார்ப்பாய் மழையில் நனைந்திருந்தது. அக்கா பிரசவம் பார்த்த பெண்கள், அந்தப் பிள்ளைகள், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர். சின்னப்பொண்ணு முன்னால் வந்தாள். அக்காவின் சுகாதார நிலையத்துக்கு அடுத்த வீட்டுக்காரி, சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவள். அக்காவின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்ச் சண்டைக்காரக் குரல் எதுவும் இல்லாமல், தெரியாததைத் தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டாள்.

"பொகை வரலியேன்னு போயி பாக்கலீங்களா?"

அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார். "கேஸ் அடுப்புல ஏதும்மா பொகை?"

நானும் சின்னப்பொண்ணுவும் தெருவுக்கு வந்து நின்றோம். ஒட்டி ஒட்டி நிற்கிற அத்தனை கூரைகளையும் அவள் அண்ணாந்து பார்த்தாள். அப்போதுதான் சொன்னாள். அவர்கள் ஊரில் காலையில் எழுந்ததும் அடுத்த வீட்டுக் கூரையைத்தான் பார்ப்பார்களாம். புகை வரவில்லை என்றால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய்க் கூப்பிடுவார்களாம். சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற வீடாக இருந்தாலும் போய்க் கூப்பிட்டுவிட்டு, ஆள் வந்தால் மறுபடி பேசாமல் திரும்பி வருவார்களாம். அக்கா புதிதாக வந்த வருஷம், மரம் விழுந்து பாதை அடைபட்டுச் சுகாதார நிலையத்திலேயே தங்கியிருந்தபோது ஒருநாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறார். அடுப்பு எரியவில்லை என்று மூன்று பெண்கள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். கஞ்சி கொடுத்து, கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அன்னிக்கி நர்சம்மா அழுதுட்டாங்க டீச்சர். எங்க ஊர்ல எனக்கு இப்டி யாரும் வந்ததில்லன்னு சொன்னாங்க" என்றாள்.

பாய் கடைச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா அதை மலையிலிருந்து அடிவாரம்வரை இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குக் கீழே அது இறங்கவில்லை. தமக்கென்று அதைக் கேட்டுக்கொள்ள அவருக்குத் தோன்றியதா, கேட்கக் கூச்சமாக இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியாது. எனக்கு அதிர்ச்சி அவர் செத்ததில் மட்டும் இல்லை. பயமே இல்லை என்று அவர் நம்பிப் போன இடம் அது. மலையை விட்டுவிட்டு அங்கேயே இருக்கத்தான் என்னையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த வாரம் மாறுதல் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மேலே, சின்னப்பொண்ணுவின் வீட்டுக்கு எதிரே, ஓட்டு வீடு ஒன்று காலியாக இருந்தது. சாமான்களை ஏற்றிவிட்டேன். மகன் போனில், உனக்கு இன்னாம்மா ஆச்சு, எல்லாரும் கீழ எறங்கற வயசுல நீ மேல ஏறுறியே என்று கத்தினான். கத்தட்டும். அவனுக்கு இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் படித்தால் ஒருவேளை புரியலாம்.

குடிபோன அன்று சின்னப்பொண்ணு சமையலறைக்குள் வந்து கேஸ் அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டு விறகோடு திரும்பி வந்து, பின்பக்கம் மூன்று கல்லைக் கூட்டிக் கொடுத்தாள்.

"சோறு நீங்க எதுல வேணா ஆக்குங்க டீச்சர். காலையில வெந்நியாவது வெறகுல போடுங்க."

போடுகிறேன். மழை நாளில் விறகு லேசில் பிடிக்காது, ஊதி ஊதிக் கண் எரியும். எதிர்வீட்டு வாசலில் சின்னப்பொண்ணு ஒருமுறை நிமிர்ந்து என் வீட்டுப் புகையைப் பார்த்துவிட்டு, சாணம் தெளிக்கப் போய்விடுவாள். சகுந்தலா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். நான் பிறந்ததிலிருந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவள். அந்த வெந்நீரை வாழை மரத்துக்கு ஆறவைத்து ஊற்றுகிறேன்.