வலப்பக்கம் துடித்த நெஞ்சு

வியாசர்பாடியில் பாக்ஸிங் பழகும் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சூட்சுமம் ஒன்று உண்டு. வலது விலாவுக்குக் கீழே, ஈரலில் ஒரு குத்து விட்டால் எதிராளி மடங்கிவிடுவார். சங்கமித்ராவிடம் மட்டும் அது பலிக்கவே இல்லை. வாங்கிக்கொண்டு நிற்பாள், திருப்பிக் கொடுப்பாள். திமிர் பிடித்தவள் என்றார்கள். அதுவும் உண்மைதான்.

2002-ல் மாநிலப் போட்டிக்கான உடல் பரிசோதனையில் குட்டு உடைந்தது. எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம், ஈரல் இடப்பக்கம். டாக்டர் மேற்கொண்டு எதுவும் பார்க்கவில்லை. ஆடக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தெருவின் வாய் சும்மா இருக்குமா? அவள் அம்மா ரமாபாய் வயிற்றுப் பிள்ளையோடு கிரகணத்தன்று குடோனுக்கு மூட்டை தூக்கப் போனாள், அதனால்தான் பெண் இப்படிப் பிறந்தது என்றார்கள். ரமாபாய் இதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. ஆனாலும் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அம்மாவைப் பார்க்கப் பார்க்க சங்கமித்ராவுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாளே அம்மாவை இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரியில் இதய டாக்டர் மலிகாவிடம் போய் நின்றாள். மலிகா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதயம் நல்லா இருக்கு. எல்லாமே கண்ணாடியில பார்க்கிற மாதிரி பக்கம் மாறியிருக்கு, அவ்வளவுதான்."

"நான் மூட்ட தூக்குனதாலயா டாக்டர்?" என்றாள் ரமாபாய்.

"இல்லம்மா. கரு கடுகைவிடச் சின்னதா இருக்கும்போது அதுல ஒரு குழி இருக்கும். அதுக்குள்ள பொடி முடிங்க சுழன்று, நீரை இடப்பக்கமா தள்ளும். அதுல இடப்பக்கத்து ஜீன் ஒண்ணு முழிச்சுக்கும். இதயத்துக்குப் பக்கம் காட்டுறது அதுதான். எலிக் கருவுல இதைப் பார்த்திருக்காங்க. முடி சுழலலைன்னா பக்கம் காட்ட ஆளில்லை, பாதி எலிக்கு மாறிப்போகும். இவளுக்கும் அப்படி ஏதோ நடந்திருக்கும். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

ரமாபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மலிகா கொடுத்த சான்றிதழோடு சங்கமித்ரா ஆடக்கூடாது என்ற பழைய டாக்டரிடம் போனாள். அவர் படித்துவிட்டு இழுத்தார். "எதுக்கும்மா வம்பு? வேற விளையாட்டு பாரேன்."

அவள் பெஞ்சை விட்டு எழவில்லை.

"எலிக்கே இப்டி ஆவுதுன்னு கண்டுபுட்சிட்டாங்க சார், உங்களுக்கு இன்னா பேஜாரு? என் நெஞ்சு பக்கம் மாறிக்கீது, நின்னு பூடல. நீங்க கேட்டுப் பாக்காம நான் எய்ந்திரிக்க மாட்டேன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. வேறு வழியில்லாமல் அவர் ஸ்டெதாஸ்கோப்பை வலது மார்பில் வைத்தார். நிதானமாகக் கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"ஜாக்கிரதையா இரும்மா."

"நான் எதுக்கு சார்? எதிர்ல நிக்கப் போற பொண்ணாண்ட சொல்லுங்க."