வேண்டாத மீனுக்கு ஒரு தொட்டி

என் அண்ணன் முப்பது வருடம் வண்ணமீன் கடை வைத்திருந்தான். தெருவில் அவனுக்குப் பெயர் 'தொட்டி'. போன மாதம் இறந்துபோனான். அவனைப் பற்றி யாராவது எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும்.

கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன ஒரு மீன் விற்பார்கள். வேறு கண்டத்து மீன். கடையில் டேங்க் கிளீனர் என்பார்கள். வாங்கும்போது சுண்டுவிரல் நீளம்தான். இரண்டு வருடத்தில் முழங்கை அளவு வளர்ந்து தொட்டியையே அடைத்துக்கொள்ளும். திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் அண்ணன், "பாவம், ஏரியில விட்டுடுங்க" என்பான். முதலில் விட்டவனும் அவன்தான். கொல்ல மனசு வரவில்லை. நல்ல காரியம் என்றே நாங்கள் நினைத்தோம்.

பிறகு ஏரியில் நல்ல மீன் குறைந்து, இது மட்டும் வலை வலையாக விழுந்தது. பத்திரிகைகள் 'ராட்சச மீன்' என்று படம் போட்டன. ஆளைக் கடிக்கும் என்றுகூட ஒருவர் எழுதினார். அதன் முள் வலையைக் கிழிப்பதையும், அது கரையில் வளை தோண்டுவதையும் யாரும் எழுதவில்லை. இரண்டு வாரத்தில் எல்லோரும் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். கல்லூரியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்கார அம்மா மட்டும் போகவில்லை. மீனவர் சங்கத்தில் கூட்டம் போட்டார்.

கிளம்பும்போதே சொன்னேன். "அண்ணா, அங்க வந்து வாயத் திறக்காத. திறந்தா கடைய மூட வேண்டியதுதான்."

"சரிம்மா" என்று தலையை ஆட்டினான்.

"இந்த மீன் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மூணு வருஷம் முன்னாடி, வெள்ளத்துல" என்றார்கள் பலர்.

அண்ணன் எழுந்தான். "வெள்ளம் இல்லீங்க. பன்னிரண்டு வருஷம் ஆச்சு. நான்தான் விட்டேன். மத்தவங்களையும் விடச் சொன்னேன்."

சங்கத் தலைவர் திரும்பிப் பார்த்தார். "அடப்பாவி தொட்டி! என் வலைக்கு எமன் தினமும் என் பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சிருக்கானே!"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த அம்மா நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, "எந்தக் கரை? எத்தனை மீன்?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய அறிக்கையில் 'உள்ளூர் வண்ணமீன் வியாபாரி ஒருவர்' என்றுதான் வந்தது. "பேரு போடல பாரு, மானம் தப்பிச்சுது" என்றான் அண்ணன். அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. ஒரு வருடம் கடையில் ஈ ஓட்டினோம். அந்த மீன் விற்பதை நிறுத்தினான். வாசலில் பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்து, பலகையில் தன் கையாலேயே எழுதினான்: 'வேண்டாத மீனை இங்கே விடுங்கள். காரணம் கேட்க மாட்டோம்.' சேர்வதைக் கல்லூரிக்காரர்கள் வந்து எடுத்துப்போவார்கள். ஒன்பது வருடத்தில் அது ஒரு வாரம்கூடக் காலியாகக் கிடந்ததில்லை.

நேற்று அந்தத் தொட்டியை எடுத்துவிடலாம் என்று ஆளுக்குச் சொல்லியிருந்தேன். கடையைத் திறந்தபோது சங்கத் தலைவர் வாளியோடு நின்றார். உள்ளே முழங்கை நீளத்தில் ஒன்று.

"உங்க அண்ணன் இருந்தா இன்னிக்கும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்" என்றார். வாளியைப் பார்த்துக்கொண்டே, "மக வீட்டுல வளர்த்திருக்கா. எனக்கே தெரியாதும்மா" என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. தொட்டியைக் காட்டினேன். பிறகு, தொட்டி எடுக்க வரவேண்டியவரைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றேன்.