சமன்பாட்டில் அடித்த உப்பு

சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் லேப் கெமிஸ்டாகச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நூலைக் காஸ்டிக்ல போட்டு அவிக்கிறோம். அந்தக் கழிவுல ஆசிட் ஊத்துறோம். கடைசில என்னம்மா மிஞ்சுது?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியலில் எம்.எஸ்சி., அதுவும் முதல் வகுப்பு. இதற்கெல்லாம் யோசிப்பேனா? காஸ்டிக் சோடாவையும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடையும் பலகையில் அயனிகளாகப் பிரித்து எழுதினேன். இரண்டு பக்கமும் மாறாமல் நிற்கும் சோடியத்தையும் குளோரைடையும் வினையில் சேராத பார்வையாளர் அயனிகள் என்று கோடு போட்டு அடித்தேன். வினைபுரிந்ததை மட்டும் காட்டும் நெட் அயானிக் ஈக்வேஷன் கிடைத்தது:

H⁺ + OH⁻ → H₂O

"அட, வெறும் தண்ணி!" மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இத்தன நாளா எங்கம்மா இருந்த?"

ஒரே வாரத்தில் அது கழிவுநீர்த் தொட்டிச் சுவரில் பச்சைப் பெயிண்டில் ஏறியது. கீழே என் பெயர், பட்டத்தோடு. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். தினமும் pH பார்ப்பேன். ஏழு வரும்; அமிலமும் இல்லை, காரமும் இல்லை. கையெழுத்துப் போடுவேன். கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் TDS மீட்டர் டப்பாவிலேயே கிடந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் திறக்கவில்லை.

மூன்றாம் மாதம் பேச்சியம்மாள் வந்தார். எங்கள் தொட்டித் தண்ணீர் போகும் வாய்க்காலை ஒட்டி அவருக்கு ஒரு கிணறும் அரை ஏக்கர் கனகாம்பரமும். ஒரு கையில் கருகிய செடி, இடுப்பில் குடம்.

"ஒங்க தண்ணி எறங்கி எங் கெணறு கெட்டுப்போச்சு சார். அம்புட்டுச் செடியும் கருகுது."

மேனேஜர் சுவரைக் காட்டினார். "அந்தா பாரு, எம்மெஸ்ஸி படிச்ச புள்ள எழுதுனது. வெறும் தண்ணி." என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா."

"ஆமாக்கா, நியூட்ரல்தான்," என்றேன்.

"எனக்குப் படிப்பு இல்ல தாயி. இதுல கரிக்கிறது எந்த எழுத்து?"

"அது... இதுல இல்லக்கா."

"எங் கெணத்துல இருக்கே. ஒரு வாய் குடிச்சுப் பாரு."

குடித்தேன். இரண்டாவது வாய் இறங்கவில்லை. சோடியமும் குளோரைடும் சேர்ந்தால் சாப்பாட்டு உப்பு. நான் அடித்தேன் என்பதற்காக அவை தண்ணீரைவிட்டுப் போய்விடவில்லை.

மீட்டரைத் திறந்து தொட்டியிலும் குடத்திலும் வைத்துப் பார்த்தேன்; இரண்டிலும் உப்பு அளவுக்கு மீறி இருந்தது. ரிப்போர்ட்டில் இரண்டு அளவையும் குறித்து, முழுச் சமன்பாட்டையும் எழுதினேன்:

HCl + NaOH → NaCl + H₂O

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அன்னைக்கு ஒன்னு எழுதுன, இன்னைக்கு ஒன்னு எழுதுற. எதும்மா சரி?"

"ரெண்டும் சரி சார்."

"ரெண்டும் சரின்னா பழசையே வச்சுக்குவம்."

நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை அவர் கலெக்டர் ஆபீசில் மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்த்து வாய்க்காலை அடைத்தார்கள். மறுநாள் என் கைக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. காரணம்: "முன்னுக்குப் பின் முரணாகச் சமன்பாடு எழுதுதல்."

புதிதாக லேபில் சேரும் பெண்களுக்குச் சொல்கிறேன். எது வினைபுரிந்தது என்று கேட்டால் நெட் அயானிக் எழுதுங்கள். என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் எதையும் அடிக்காதீர்கள். மேனேஜர் கேட்டதும் பேச்சியம்மாள் கேட்டதும் இந்த இரண்டாவது கேள்விதான். நான்தான் முதல் கேள்விக்குப் பதில் எழுதி, கீழே பெயரும் போட்டுக்கொண்டேன்.