கேட்காமலே கொடுத்த புகையிலை

இன்று தென்காசியில் வாய்ப்புற்றுநோய் பரிசோதனை முகாம். என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்த நர்ஸ், “புகையிலை போடுவீங்களா தாத்தா?” என்று கேட்டார்.

“ஒரு நாளும் போட்டதில்லம்மா.”

“எல்லாரும் ஒங்கள மாதிரி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்” என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அறுபதுகளில் குற்றாலம் ரோட்டில் வெற்றிலைக் கடை வைத்திருந்தேன். இலஞ்சியிலிருந்து தேங்காய் வண்டி ஓட்டிவரும் மாடசாமி அண்ணாச்சி தினமும் வருவார். ஊருக்கு வாய்ப் பரிசோதனை செய்ய வந்த ஒரு டாக்டர், அவர் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு இருப்பதைக் கண்டு, புகையிலையை விடச் சொல்லிவிட்டார்.

“இனி வெறும் வெத்தல பாக்குதான் தம்பி. நானே கேட்டாலும் பொயல குடுத்துராத” என்றார். சரி என்றேன்.

பதினெட்டு நாள் தாக்குப்பிடித்தார். அடுத்த நாள் கடையில் சீசன் கூட்டம். பழக்கத்தில் என் கை புகையிலையையும் சேர்த்து வைத்து நீட்டிவிட்டது.

“நா கேக்கலயே தம்பி.”

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, “சரி, வச்சிட்ட” என்று வாயில் போட்டுக்கொண்டார். நான் தடுத்திருக்கலாம். அடுத்த ஆளுக்கு வெற்றிலை எடுத்தேன்.

அதன்பின் அவர் விடவே இல்லை. மூன்றாம் வருடம் வாய்ப்புண் புற்றாக முற்றி இறந்தார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி, “எத்தன பேரு சொல்லியும் கேக்கலயே” என்று அழுதார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கடை வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உங்கள் கையாவது நீங்கள் சொன்னதைக் கேட்டதா?